அடுத்த வீட்டுப் படி ஏறாத பிள்ளைகள்



இந்தப் பதிவு சில பெற்றோருக்குக் கசக்கும். கசந்தாலும் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் நாங்கள் ஒவ்வொரு வருடமும் தரம் 1க்குப் புதிய பிள்ளைகளை எடுக்கிறோம். எழுத்துத் தெரியாமல் வருகிற பிள்ளையைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை. எழுத்துப் படிப்பிக்கத்தான் நாங்கள் இருக்கிறோம். எங்களுடைய கவலை வேறு. ஆங்கில எழுத்து 26ஐயும் மூச்சு விடாமல் சொல்கிற பிள்ளைக்கு, பக்கத்து மேசைப் பிள்ளையிடம் "அழிறப்பரைக் கொஞ்சம் தாங்களேன்" என்று கேட்கத் தெரியவில்லை. பறிக்கிறது, இல்லாவிட்டால் அழுகிறது. பறிப்பதற்கும் அழுவதற்கும் நடுவில் கேட்பது என்று ஒரு வழி இருப்பது அதற்குத் தெரியாது.

விளையாட்டில் தோற்றால் "இனி நான் வரமாட்டேன்" என்று மூலையில் போய் இருக்கிறது. பாத்ரூம் போகவேண்டும் என்று வாய் திறந்து சொல்லத் தெரியாமல் காற்சட்டையை நனைத்துக்கொள்கிறது. ஏனென்றால் வீட்டில் அது வாய் திறக்க முன்னரே உம்மா முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்வார். தண்ணிப் போத்தலின் மூடியைத் திறக்க டீச்சரிடம் வருகிறது. இடைவேளைக்கு உம்மா வந்து ஊட்டிவிட வேண்டும் என்று கேற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. கவனிப்பாரற்ற பிள்ளைகளும் இல்லை. கவனிப்பு கூடிப்போன பிள்ளைகள். தன் உம்மா பக்கத்தில் இல்லாமல் இன்னொரு வீட்டில் இரண்டு மணித்தியாலம் இருந்து விளையாடிவிட்டு வந்த அனுபவம் இவர்களில் அநேகருக்கு இல்லை. 2020, 2021இல் கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த சின்னப் பிள்ளைகள் பின்னர் பாடசாலைக்கு வந்தபோது இதை நாங்கள் இன்னும் கூடுதலாகக் கண்டோம். அந்த நேரம் நாடே பூட்டியிருந்தது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இப்போது நாட்டில் ஊரடங்கு இல்லை. ஆனால் பல வீடுகளில் பிள்ளைக்கு மட்டும் ஊரடங்கு இன்னும் எடுபடவில்லை.

சண்டை பிடிப்பதும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம். கல்வியியற் கல்லூரியில் படித்தவர்கள் எல்லோருக்கும் பியாஜேயைத் தெரியும். அவர் 1932இல் வெளியிட்ட நூலுக்காக சுவிட்சர்லாந்துப் பிள்ளைகள் போளை அடிப்பதைக் கிட்ட இருந்து கவனித்தார். சட்டம், நீதி, ஏமாற்றக்கூடாது என்பவை எல்லாம் பெரியவர்கள் உபதேசம் செய்வதால் மட்டும் பிள்ளைக்குள் இறங்குவதில்லை, தன்னை ஒத்த பிள்ளைகளோடு விளையாடி, வாதாடி, விட்டுக்கொடுத்துத்தான் விளங்குகிறது என்று கண்டார். அதை நாங்கள் பரீட்சைக்குப் பாடமாக்கினோம். எங்கட மூத்தம்மாமார் பாடமாக்காமலே செய்தார்கள். "போய் விளையாடிட்டு மஃரிபுக்கு முந்தி வா" என்ற ஒரு வசனத்தில் அவ்வளவும் இருந்தது.

இன்று அந்த வசனத்தைச் சொல்ல ஆளில்லை. இரண்டு பிள்ளைகள் ஒரு பென்சிலுக்குப் பிடித்த சண்டை பின்னேரம் வகுப்பு வட்ஸ்அப் குழுமத்துக்கு வருகிறது. இரண்டு உம்மாமாரும் குரல்பதிவு அனுப்புகிறார்கள். இரவு இரண்டு வாப்பாமாரும் அதிபருக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைகள் இரண்டும் ஒரே வாங்கில் இருந்து ஒரே பணிஸைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கும். பிள்ளைகள் முடித்துவிட்ட சண்டையைப் பெரியவர்கள் ஒரு தவணை முழுக்க இழுப்பார்கள்.

இதனால் நடக்கிற பெரிய நட்டத்தைக் கவனியுங்கள். ஒரு பிள்ளை இன்னொரு வீட்டில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால், "அவங்க வீட்டுக்கு அனுப்பி என்ட பிள்ளைக்கு என்ன செஞ்சி வச்சிருக்காங்க பாருங்க" என்று படம் எடுத்துப் போடுகிறோம். அதைப் பார்க்கிற அடுத்த உம்மா என்ன முடிவெடுப்பார்? "யார்ட பிள்ளையும் எங்கட வீட்டுக்கு வரவேணாம், எனக்கு ஏன் இந்த வம்பு?" ஒரு வீட்டின் அளவு மீறிய பாதுகாப்பு, தெருவில் இருக்கிற எல்லா வீட்டுக் கதவையும் சாத்திவிடுகிறது. பிறகு "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கூட்டாளியே இல்லை" என்று நாமே சொல்கிறோம்.

"காலம் கெட்டுப்போயிருக்கு டீச்சர், செய்தி பார்க்கிறீங்கதானே?" என்று கேட்கிறார்கள். பார்க்கிறோம். சிறுவர் துஷ்பிரயோகம் கற்பனைப் பயம் இல்லை. அதைச் சொல்கிற உம்மாவை நாங்கள் பகிடி பண்ண மாட்டோம். ஆனால் அந்தப் பயத்துக்குச் சரியான மருந்து எது என்பதில்தான் எங்களுக்கும் உங்களுக்கும் பிணக்கு.

துஷ்பிரயோகம் செய்பவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். உறவினர், குடும்பத்துக்கு நெருங்கியவர், பிள்ளை நம்புகிற ஒருவர். ஆகவே கேற்றைப் பூட்டுவதால் மட்டும் ஆபத்து வெளியே நின்றுவிடாது. அதோடு, வெளியே விடாத பிள்ளையின் கையில் நாம் என்ன கொடுத்து இருத்துகிறோம்? தொலைபேசியை. அடுத்த வீட்டு ராத்தாவைத் தெரியும், அவருடைய உம்மாவைத் தெரியும், மூன்று தலைமுறையைத் தெரியும். அங்கே அனுப்பப் பயம். பெயரும் முகமும் தெரியாத ஆட்கள் ஒன்லைன் கேமில் பிள்ளையோடு கதைக்கிறார்கள். அதற்குப் பயமில்லை, ஏனென்றால் பிள்ளை நம் கண் முன்னால் சோபாவில் இருக்கிறது. உடம்பு சோபாவில்தான் இருக்கிறது.

பிள்ளைக்கு உண்மையான பாதுகாப்பு அதன் வாய்தான். "இது எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லத் தெரிய வேண்டும். எழுந்து வரத் தெரிய வேண்டும். நடந்ததை உம்மாவிடம் அப்படியே வந்து சொல்லத் தெரிய வேண்டும். இதற்கெல்லாம் பழக்கம் வேண்டும். சின்னச் சின்ன விசயங்களில் சுயமாக முடிவெடுத்துப் பழகாத பிள்ளை, பெரிய ஆபத்து வரும் நாளில் திடீரென்று தைரியசாலி ஆகாது. எல்லாப் பெரியவர்களுக்கும் "சரி" சொல்லி வளர்ந்த பிள்ளை, பிழையான பெரியவருக்கும் "சரி" என்றுதான் சொல்லும்.

அடுத்தது புலமைப்பரிசில். "தரம் 5 முடியட்டும், பிறகு விளையாடட்டும்" என்கிறார்கள். வறுமைப்பட்ட கெட்டிக்காரப் பிள்ளைக்கு உதவிப்பணமும், நல்ல பாடசாலைகளில் இடமும் கிடைக்கட்டும் என்று வைத்த பரீட்சை அது. இன்று தரம் 3இலேயே டியூசன் தொடங்குகிறது. விடிய எழும்பினால் பாடசாலை, வந்து சாப்பிட்டால் டியூசன், அது முடிய ஓதல், இரவில் வினாத்தாள். எட்டு வயதுப் பிள்ளையின் நாள் வங்கி முகாமையாளரின் நாளை விட நெருக்கமாக இருக்கிறது. பத்து வயதில் "பிறகு விளையாடு" என்று அவிழ்த்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு விளையாடத் தெரியாது. தொலைபேசியைத் தாருங்கள் என்றுதான் கேட்கும். விளையாட்டும் ஓய்வும் பிள்ளையின் உரிமை என்று ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991இலேயே அதை ஏற்றுக்கொண்டது. சிறுவர் தினத்துக்குப் பதாகை கட்டுகிறோம், அந்த உரிமையை மட்டும் டியூசன் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம்.

வாய் திறந்து சொல்லாத காரணங்களும் இருக்கின்றன. அவற்றையும் நாங்களே சொல்லிவிடுகிறோம்.

"அந்த வீட்டுப் பிள்ளையோட சேர வேணாம்." ஏன்? வாப்பா மீன் வியாபாரம். அல்லது உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார், பிள்ளை மூத்தம்மாவோடு இருக்கிறது. இதுவா பாதுகாப்பு? இது பெருமை. உம்மா பக்கத்தில் இல்லாத அந்தப் பிள்ளையைத்தான் முதலில் நம் வீட்டுக்கு அழைக்க வேண்டும். மறுபக்கம், "எங்கட வீடு சின்னது, பிள்ளைகள் வந்தால் வெட்கம்" என்கிறவர்களும் உண்டு. பிள்ளைகள் வீட்டின் சதுர அடியை அளப்பதில்லை. ஒளிச்சுப் பிடிச்சு விளையாட ஒரு கதவும் ஒரு மாமரமும் போதும். பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டும் தாராளமாகப் போதும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு இன்னும் கெதியாகப் பூட்டப்படுகிறது. அசருக்குப் பிறகு நானாவும் தம்பியும் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறார்கள். ஏழு வயதுத் தங்கச்சி கோப்பை கழுவுகிறாள். அவளுக்கும் ஒரு கூட்டாளி வேண்டும், கொக்கான் விளையாட ஒரு திண்ணை வேண்டும். ஒரு பெண் பிள்ளை இன்னொரு பெண் பிள்ளையின் வீட்டுக்குப் போய் விளையாடுவதில் எந்த மானம் போகிறது?

மார்க்கத்தைக் காட்டிப் பிள்ளையைப் பூட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். உம்மு சுலைம் (ரழி) தன் மகன் அனஸ் (ரழி) அவர்களைப் பத்து வயதளவில் நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்குப் பணிவிடை செய்யக் கொண்டுவந்து ஒப்படைத்தார். அந்தச் சிறுவரை ஒருநாள் ஒரு வேலையாக அனுப்பியபோது, வழியில் சந்தையில் விளையாடிய பிள்ளைகளிடம் நின்றுவிட்டார். நபியவர்கள் பின்னால் வந்து அவருடைய பிடரியைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. சந்தையில் பிள்ளைகள் விளையாடினார்கள், ஏசாமல் சிரித்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் விடப் பாரதூரமானது. இந்த நாட்டில் பிள்ளைகள் மொழியாலும் மதத்தாலும் பிரிந்த பாடசாலைகளில் படிக்கிறார்கள். எங்கட பிள்ளை சிங்களப் பிள்ளையோடும் தமிழ்ப் பிள்ளையோடும் ஒரே வாங்கில் இருப்பது அநேக ஊர்களில் நடப்பதில்லை. அப்படியானால் அவர்கள் சந்திக்கக்கூடிய இடம் தெருவும் வளவும்தான். ஒரு காலத்தில் பெருநாளைக்கு வட்டிலப்பத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனது பிள்ளைதான். சித்திரை வருடப்பிறப்புக்குக் கொக்கிஸ் நிறைந்த தட்டோடு திரும்பி வந்ததும் அதே பிள்ளைதான். 2014இல் அளுத்கம, 2018இல் திகன, 2019 மே மாதத்தில் குருநாகல், கம்பஹா மாவட்டங்கள். அதற்குப் பிறகு நம் வீடுகளில் வந்த பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் பயந்து பிள்ளைகளைப் பிரித்து வைத்தால் அடுத்த வதந்தி யாருக்கு வசதி? நம் வீட்டுக் குசினியில் இருந்து ரொட்டி தின்ற ஒருவனுக்கு நம்மைப் பற்றிப் பொய் சொல்லி நம்பவைப்பது அவ்வளவு லேசில்லை. நம் பிள்ளைக்கும் அப்படித்தான். ஹலால் பற்றிய யோசனை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பழமும் பிளேன்டீயும் தருவார்கள். அக்கம்பக்கத்தில் அது யாருக்கும் விளங்காத விசயமில்லை.

இரவில் தங்க விடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. முன்பின் தெரியாத வீட்டுக்கு அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை. பகல் வெளிச்சத்தில், தெரிந்த வீட்டில், இரண்டு மணித்தியாலம். அதற்கும் ஒழுங்கு உண்டு.

1. முதலில் அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். அதன் உம்மாவோடு இருந்து கதையுங்கள். பழகிய பிறகு உங்கள் பிள்ளையை அனுப்புங்கள்.

2. அந்த நேரம் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. உங்களிடம் கேட்டால் நீங்களும் கோபிக்காதீர்கள்.

3. முற்றத்திலும் முன் ஹோலிலும் விளையாடட்டும். அறைக் கதவைச் சாத்தி விளையாடுவதில்லை என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுச் சட்டமாக இருக்கட்டும். தொலைபேசி வேண்டாம்.

4. உடம்பில் மற்றவர் தொடக்கூடாத இடங்கள் எவை என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். உம்மாவிடம் மறைக்கச் சொல்லி யார் எதைச் சொன்னாலும், அதை முதலில் உம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள். சந்தேகமான எதுவும் தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு 24 மணித்தியாலமும் அழைக்கலாம்.

5. திரும்பி வந்ததும் "என்ன தின்ன தந்தாங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "என்ன விளையாடினீங்க, யார் வென்றது, ஏதும் பிடிக்காதது நடந்ததா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும் வரை காது கொடுங்கள்.

6. சிராய்ப்புக்கும் சின்னச் சண்டைக்கும் தொலைபேசி எடுக்காதீர்கள்.

நாங்கள் பாடசாலையில் பிள்ளைக்குக் கொடுப்பது ஒரு நாளைக்குச் சில மணித்தியாலம்தான். முப்பது நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கேட்கவும், கொடுக்கவும், தோற்கவும், மன்னிப்புக் கேட்கவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பழக்க எங்களால் முடியாது. அதைப் பழக்கக்கூடிய இடம் உங்கள் அடுத்த வீடுதான். டியூசன் மாதிரிக் காசும் கேட்க மாட்டார்கள்.

வருகிற தவணை விடுமுறையில் ஒரே ஒரு பிள்ளையை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். இன்றிரவே அந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு ஒரு செய்தி போடுங்கள். வகுப்புக் குழுமத்தில் வேண்டாம், தனியாகப் போடுங்கள்.