அணைக்கு அவர்கள் பெயர். அடுப்பு அணைந்தது யார் வீட்டில்?

தோணிரேவு மீனவருக்கு அமெரிக்க ஜனாதிபதி கதை எதற்கு? இருக்கிறது சங்கதி, தோழர்களே!

1929-ல் அங்கே பங்குச் சந்தை சரிந்தது. 1933-ல் நாலில் ஒரு தொழிலாளிக்கு வேலையில்லை. ஜனாதிபதி ஹூவரோ, சர்க்கார் நேரடி நிவாரணம் தரலாகாது என்றே நின்றார். கொலராடோ நதி அணைக்கு மட்டும் 1930-லேயே அவர் பெயர் சூட்டியாயிற்று! 1931 ஆகஸ்டில் கூலி வெட்டை எதிர்த்து அங்கே வேலைநிறுத்தம். கம்பெனி கணக்குத் தீர்த்தது. வெளியேதான் பட்டினிப் பட்டாளம் காத்து நின்றதே!

அடுத்து வந்த ரூஸ்வெல்ட் வேலை கொடுத்தார்; அதை மறுக்கமாட்டோம். ஆனால் கொலம்பியா நதியில் எழுந்த கிராண்ட் கூலி அணையில் மீன் ஏற வழி வைக்கவில்லை. கடலிலிருந்து ஆறேறி வரும் சால்மன் நின்றது. கெட்டில் அருவியில் தலைமுறை தலைமுறையாய் மீன்பிடித்த ஆதிகுடிகள் 1940-ல் கூடி அழுது விடைகொடுத்தார்கள். கோல்வில் மக்களின் நஷ்டஈடு தீர்ந்தது 1994-ல். அழுதவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

அதே மந்த காலத்தில், 1934-ல், நம் மேட்டூர் திறந்தது. நீர்த்தேக்கத்துக்குக் கவர்னர் ஸ்டான்லி பெயர். கல் சுமந்தவன் பெயர்?

பழவேற்காட்டில் உப்பும் நன்னீரும் கலந்தால்தான் இறால். ஆரணியாற்று வெள்ளம் வந்தால்தான் முகத்துவார மணல் அறும். மேலே தேக்குகிறவர்கள் பாசனத்துக்கு இவ்வளவு, குடிக்க இவ்வளவு என்று எழுதுகிறார்கள். ஏரிக்கு? கடலில் கலப்பது வீணாம்! அந்த 'வீண்' நீரில்தான் இங்கே உலை கொதிக்கிறது. வயலுக்கு நீர் வேண்டும். அணையை நாம் எதிர்க்கவில்லை. ஏரியின் பங்கையும் அதே கணக்கில் எழுது என்கிறோம்.