பொற்கொல்லன் அறியாததா?

குற்றம் புரிந்தவன் பிறர் மனத்தை அறியாதவன் என்றொரு கருத்து நம் ஆசிரியர் அறைகளில் நெடுங்காலமாக வேரூன்றிக் கிடக்கிறது. "கல் நெஞ்சன், அடுத்தவன் படும் வேதனை அவனுக்கு எங்கே விளங்கப் போகிறது?" என்கிறோம். அதற்கு மருந்தாக நன்னெறிக் கல்விப் பாடநூலில் இரண்டு பக்கங்களைப் புரட்டிக் காட்டுகிறோம். இக்கருத்தை நான் மறுக்கிறேன். நாம் பாடம் நடத்தும் இலக்கியமே அதனை மறுக்கிறது.

சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனை எண்ணிப் பாருங்கள். கோப்பெருந்தேவியின் சிலம்பைக் களவாடியவன் அவன். ஊடிய தேவியைத் தணிக்கப் பாண்டியன் விரையும் வேளையில் காலில் விழுகிறான்; அந்நிலையில் மன்னன் எதையும் ஆராயமாட்டான். கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். அத்தயக்கத்தை அக்கணமே உணர்ந்து, மந்திரம், மருந்து, நிமித்தம் எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டினையும் அடுக்கி அவர்கள் வாயை அடைக்கிறான். மன்னன் உள்ளமும் காவலர் உள்ளமும் ஊருக்குப் புதியவனான வணிகன் உள்ளமும் அவனுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. வெட்டியவனோ கல்லாத, கள்ளுண்ட காவலன் ஒருவன். இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுத்தி "இரக்கமற்றவர்" என்றால் என்ன விளங்கும்?

வள்ளுவர் அமைச்சர்க்குரிய குறிப்பறிதலைப் பொருட்பாலில் வைத்தார். இன்னா செய்யாமையை அறத்துப்பாலில் வைத்தார். பின்னதில் அறிவைப் பற்றி அவர் எழுப்பும் வினாவை இந்நூலைப் படிப்போர்க்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பிறர் மனத்தைப் படிப்பது ஒரு திறன். அது மோசடிக்காரனுக்கும் வேண்டும், தலைமையாசிரியனுக்கும் வேண்டும்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர் நாற்பதாயிரத்துக்கும் மேல் என்றும், பத்தில் ஏழு பேர் இந்தியர் என்றும் கூறியது. நம் பிள்ளைகளுக்கு மனம் செத்துவிட்டது என்று மேடைகளில் புலம்பினோம். செத்த மனமா அது? ஈப்போப் புறநகரின் அத்தகைய இளைஞன், கூட்டாளியின் தாய் இறந்தால் பாடை தூக்க முதல் ஆளாய் வந்து நிற்பான். எந்தக் கடைக்காரர் அஞ்சிப் பணம் கொடுப்பார், எவர் காவல் நிலையம் செல்வார் என்பதை முகம் பார்த்தே சொல்வான். கடைக்காரரின் அச்சம் அவனுக்குத் தெரியும். தெரிவதால்தானே அதை விலையாக்குகிறான்! 1957இல் சைக்ஸ், மாட்ஸா என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இளங்குற்றவாளிகளின் சமாதானங்களைத் தொகுத்தனர்: அவனுக்கு அது தகும், அவனுக்கென்ன நட்டம். அடிபட்டவனைக் கணக்கிலிருந்து நீக்கும் வேலை அது.

2004இல் ஜாலிஃப், ஃபாரிங்டன் ஆகியோர் 35 ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கினர். குற்றவாளிகளிடம், சிறப்பாக வன்முறையாளரிடம், பிறரை உணரும் தன்மை குறைவாகவே காணப்பட்டது. இதை நான் மறைக்கவில்லை. ஆனால், அறிவுத்திறனையோ பொருளாதார நிலையையோ கணக்கில் கொண்டபோது அவ்வேறுபாடு மறைந்துபோயிற்று! கல் நெஞ்சு என்று நாம் பெயரிட்டதில் எத்துணைப் பங்கு வறுமையோ?

தோட்டத்து லயத்தில் கோழி திருடிய பையனுக்கு அது எந்தச் சின்னம்மாவின் கோழி என்று தெரியும். தோட்டம் சொர்க்கமன்று, சம்சுவும் வெட்டுக்குத்தும் அங்கும் இருந்தன. எனினும் அடிபட்டவருக்கு ஒரு முறைப்பெயர் இருந்தது. 1970களுக்குப் பின் பேராவின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த பிள்ளைக்கு எதிர்வீட்டுக்காரர் மாமா அல்லர். அவனை "தம்பி" என்று அழைக்கக் கும்பல்தான் வந்தது.

நாமோ தேர்வில் கேட்கிறோம்: "அவர் நிலையில் நீ இருந்தால் எவ்வாறு உணர்வாய்?" மாணவன் "மிகவும் வருந்துவேன்" என்றெழுதி மதிப்பெண் பெறுகிறான். பொற்கொல்லனும் முழு மதிப்பெண் பெற்றிருப்பான்.

நியூசிலாந்து 1989இலேயே சட்டமியற்றி, குற்றம் செய்த சிறுவனையும் பாதிக்கப்பட்டவரையும் இரு குடும்பத்தார் நடுவே நேருக்கு நேர் அமரவைத்தது. இதற்கு நாம் சட்டத்தை எதிர்பார்த்திருக்க வேண்டுமா? பள்ளியில் மிதிவண்டி திருடியவனைக் கட்டொழுங்கு ஆசிரியர் அறைக்கு அனுப்புகிறோம்; பிரம்படியோ எச்சரிக்கைக் கடிதமோ கிடைக்கிறது. பறிகொடுத்தவன் அப்போது வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அவன் விடியுமுன் எழுந்து எத்தனை கல் தொலைவு நடந்து வந்தான் என்பதைத் திருடியவனிடம் எவரும் சொல்வதில்லை. அவனையே சொல்லவிடுவதும் இல்லை.