வார்டு மெம்பர் இல்லாத மாமல்லபுரம்!

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமர் நரேந்திர மோடியும் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தனர். ரோடுகள் பளபளத்தன. சிற்பங்கள் விளக்கொளியில் ஜொலித்தன. உலகப் பத்திரிகைகள் படம் போட்டன. ஆனால் ஒரு உண்மையை எந்தப் படமும் காட்டவில்லை. அன்று அந்த ஊரில் ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த வார்டு மெம்பர் ஒருவர்கூடப் பதவியில் இல்லை!

ஏன் இல்லை?

2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தல ஸ்தாபனங்களின் ஆயுள் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதம் 17, 19 தேதிகளில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பை அக்டோபர் 4இல் சென்னை ஹைகோர்ட் ரத்து செய்தது. பழங்குடியினருக்கு உரிய இடஒதுக்கீடு இல்லை என்பது வழக்கின் முக்கியப் புகார். இருளர் மக்கள் வாழும் செங்கற்பட்டுச் சீமையில் இது அற்பப் புகாரல்ல. குறையைத் திருத்தி, டிசம்பர் 31க்குள் தேர்தலை முடி என்று கோர்ட்டே கெடு வைத்தது.

சர்க்கார் செய்ததென்ன? தனி அதிகாரிகளை நாற்காலியில் உட்கார வைத்தது. அவர்கள் காலத்தை நீட்டிக்கொண்டே போனது. முதலில் வார்டு எல்லை வரையறை என்றார்கள். 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி ஜில்லாவானதும் புது ஜில்லா என்றார்கள். அந்த டிசம்பரில் 27 ஜில்லாக்களின் கிராமங்கள் ஓட்டுப்போட்டபோது, செங்கற்பட்டு உள்ளிட்ட 9 ஜில்லாக்கள் வெளியே நின்றன. இங்கே கிராமங்களுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல். நகரங்களுக்கோ 2022 பிப்ரவரி 19இல்! ஒரு முழு கவுன்சிலின் ஆயுளே களவு போயிற்று.

தேர்தல் நடத்த முடியாத காலமா அது? 2019 ஏப்ரலில் பார்லிமெண்டுக்கு இதே ஜனங்கள் ஓட்டுப்போட்டார்கள். 2021 ஏப்ரலில், கொரோனாவுக்கு நடுவிலும், சட்டசபைக்கு ஓட்டுப்போட்டார்கள். மந்திரி நாற்காலிக்குத் திறக்கும் வாக்குச்சாவடி, தெருக்குழாய்க்கும் சாக்கடைக்கும் மட்டும் திறக்காதா?

“அதிகாரி இருந்தால் கட்சிச் சண்டை இல்லை, காரியம் நடக்கும்” என்பார் சிலர். யாருடைய காரியம்? அதிகாரி மேலே பதில் சொல்பவர்; மாற்றல் வந்தால் போய்விடுவார். கடலோரக் குப்பத்தில் குடிநீர் வராவிட்டால் மீனவப் பெண் யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்? வார்டு மெம்பர் அதே தெருவில் குடியிருப்பவர். அடுத்த தேர்தலில் அவள் வாசலுக்கே வந்து நிற்க வேண்டியவர்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே 30 குடும்புகள், குடவோலை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் கால்வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையும் உள்ளவர் பெயர்தான் அந்தக் குடத்தில் விழுந்தது. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமேது? இன்று அந்தக் குடம் எல்லோருக்கும் உரியது. ஸ்தல ஸ்தாபனங்களில் பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டம் தமிழகத்தில் வந்தது 2016இல். அதே வருஷத்தில்தான் கதவு பூட்டப்பட்டது!

இது முதல் தடவையுமல்ல. 1986க்குப் பின் 1996 வரை ஸ்தலத் தேர்தலே இல்லை. 2025 ஜனவரியில் மற்ற ஜில்லாக்களின் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஆயுள் முடிந்ததும், மீண்டும் தனி அதிகாரிகளே வந்தார்கள். ஆயுள் முடியுமுன் தேர்தல் முடிய வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. ஆளும் கட்சி மாறினாலும் சாக்குப்போக்கு மாறவில்லை.

ஆகவே ஜனங்கள் கேட்க வேண்டியது இதுதான்: வார்டு வரையறையையும் ஒதுக்கீட்டையும் ஆயுள் முடிய ஒரு வருஷம் முன்பே முடி! தேர்தல் தேதியை முன்கூட்டியே அறிவி! தனி அதிகாரி ஆட்சிக்கு முற்றுப்புள்ளி வை!