'ஆஃப்' என்னும் இடைச்சொல்: அம்பத்தூர்ப் பேச்சுத் தமிழில் ஆங்கிலச் சொற்றொடர் வினைகள்

ஒரு வினையும் 'அப்', 'ஆஃப்', 'டவுன்', 'அவுட்' போன்றதோர் இடைச்சொல்லும் கூடி ஒரு பொருள் தருவது ஆங்கிலப் பேச்சுமொழியின் இயல்பு. இத்தகைய சொற்றொடர் வினைகள் தமிழ்ப் பேச்சில் புகுந்துள்ளமையை 'மொழிக்கலப்பு' என்று பெயரிட்டு ஒதுக்குவது எளிது. அவ்வாறு ஒதுக்குவோர் ஓர் இலக்கண நிகழ்வைக் காணாது விடுகின்றனர். 1964இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடி, பூந்தமல்லி சாலைகளிலும் வழங்கும் பேச்சு இதற்குத் தக்க சான்று.

'மிஷினை ஆஃப் பண்ணு' என்னும் தொடரை நோக்குக. ஆங்கிலத்தில் 'ஸ்விட்ச்', 'டர்ன்' என ஒரு வினை முன்னிற்க வேண்டும். தமிழரோ அவ்வினையை விட்டுவிட்டு இடைச்சொல்லை மட்டும் ஏற்றனர். பொருளைச் சுமப்பது எது என அவர்கள் கண்டுகொண்டனர் எனலாம். வினையின் இடத்தைப் 'பண்ணு' நிரப்புகிறது; 'மோட்டார் ஆஃப் ஆயிடுச்சு' என்கையில் 'ஆகு' நிரப்புகிறது. செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்னும் வேறுபாடு சிறிதும் குலையவில்லை. 'பிக்கப்' என்பதில் நிகழ்ந்தது வேறு. ஆங்கிலத்தில் செயப்படுபொருள் வினைக்கும் இடைச்சொல்லுக்கும் நடுவே வரலாம்; மாற்றுப்பெயராயின் வந்தே ஆகவேண்டும். 'அவரைப் பிக்கப் பண்ணு' என்னும் தமிழ்த் தொடரில் அவ்விடைவெளி அடைபட்டு, இரு சொல்லும் பிரிக்கவியலா ஒரு பெயராகிவிட்டன. வினையடைகளும் இவ்வாறே. 'ஸ்லோவா போ', 'டைட்டா கட்டு' என்போர் ஆங்கிலத்தின் 'லி' விகுதியைக் கொள்வதில்லை. 'ஆக' என்னும் தமிழ் ஈற்றின் பேச்சு வடிவையே சேர்க்கின்றனர். 'ஆக்சுவலி' போன்ற சில மட்டும் முழுவடிவில் வருகின்றன. அவை வினையைத் தழுவாது தொடர் முழுமையையும் தழுவுவன என்பது கருதத்தக்கது.

சொற்றொடர் வினைகளை அகரவரிசைப் பட்டியலாக மனனம் செய்விக்கும் ஆங்கிலப் பயிற்சிமுறை இவ்விடத்தில் மறுபரிசீலனைக்குரியது. 'டிரிங்க் அப்' என்பதன் முற்றுப்பொருளைக் 'குடித்துவிடு' தருகிறது. 'ரைட் டவுன்' என்பதை 'எழுதிக்கொள்' நெருங்குகிறது. இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட, தமிழ் வினைவிரிவு பற்றிய ஆங்கில நூல் இத்துணைவினைகளின் இயக்கத்தை விரிவாக ஆராய்ந்துள்ளது. ஆயினும் ஒன்றுக்கு ஒன்று எனப் பொருத்திவிட இயலாது. 'தொலை' என்னும் துணைவினை காட்டும் சலிப்பை ஆங்கில இடைச்சொல் பெரும்பாலும் காட்டுவதில்லை. ஒற்றுமை, வேற்றுமை இரண்டையும் தமிழ்வழி மாணவர்க்குக் காட்டும் பாடத்தை ஆங்கிலத்துறை தனித்து இயற்றுதல் அரிது.

பொருள் மயங்கினால் பிழைப்பே மயங்கும் இடமும் உண்டு. 2025 வரை நடப்பிலிருந்த தொழில்தகராறுச் சட்டத்தில் 1953இல் சேர்க்கப்பட்ட விளக்கத்தின்படி, 'லே-ஆஃப்' என்பது மூலப்பொருள், மின்சாரம் ஆகியவற்றின் பற்றாக்குறை, எந்திரப் பழுது முதலியவற்றால் வேலை தர இயலாத நிலை. தொழிலாளியின் பெயர் வருகைப்பதிவேட்டில் நீங்காது. தகுதியுடையார்க்கு அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பாதி இழப்பீடாக உண்டு. இன்று மென்பொருள் நிறுவனங்களில் 'லேஆஃப்' என்றால் வேலை நிலையாகப் போயிற்று என்றே பொருள். பட்டறையும் மென்பொருள் வளாகமும் அடுத்தடுத்து நிற்கும் அம்பத்தூரில் ஒரே சொல் இருவர்க்கு இரு வேறு நிலையைச் சுட்டுகிறது. 'லாக்-அவுட்' என்பதற்குக் 'கதவடைப்பு' என்னும் சொல் வேரூன்றிவிட்டது. கதவும் உண்டு, அடைத்தலும் உண்டு, யார்க்கும் ஐயமில்லை. 'லே-ஆஃப்' என்பதற்கு அத்தகைய சொல் நிலைபெறவில்லை. 'ஆட்குறைப்பு' என்று எழுதினால், அது சட்டம் வேறாக வைத்துள்ள நிலையான நீக்கத்தைக் குறித்துவிடும். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் முதலில் கையிலெடுக்க வேண்டியவை இத்தகைய சொற்களே. பட்டறைத் தொழிலாளரும் தொழிற்சங்கத்தாரும் இப்போது அதனை எவ்வாறு கூறுகின்றனர் எனத் தொகுப்பதிலிருந்து அப்பணி தொடங்கலாம்.