மழை பொய்த்தது, ஆடுகள் ஏன் மடிந்தன?

ஆப்பிரிக்காவில் வறட்சி என்ற செய்தி வந்தால், வெடித்த நிலத்தில் கால்நடைகள் செத்துக் கிடக்கும் படமும் கூடவே வருகிறது. 2020ஆம் ஆண்டு இறுதியிலிருந்து 2022ஆம் ஆண்டு இறுதி வரை கென்யா, சோமாலியா, எத்தியோப்பியா ஆகிய நாடுகளின் வறண்ட பகுதிகளில் தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. ஐக்கிய நாட்டு நிறுவனங்களின் கணக்குப்படி, 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. மனிதர்களால் ஏற்பட்ட பருவநிலை மாற்றம் இத்தகைய வறட்சிக்கான வாய்ப்பை ஏறத்தாழ 100 மடங்கு கூட்டியிருக்கிறது என்று 2023 ஏப்ரலில் அறிவியலாளர் குழு ஒன்று கூறியது.

இதற்கெல்லாம் மழைதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால், மழை நிற்பதற்கும் ஆடு மடிவதற்கும் இடையில் பல மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

ஆட்டின் வயிறு

புல் கருகிய பிறகும் ஆடு பிழைக்கும். பின்னங்கால்களில் எழுந்து நின்று புதர்களின் இலை தழைகளைத் தின்னும். 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர்தீனி தேவை. ஆனால், காய்ந்த புல் மட்டும் போதாது. இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே புல்லைச் செரிக்க உதவுகின்றன. அவற்றுக்குப் புரதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் வயிறு நிறைந்திருந்தாலும் உடல் இளைக்கும்.

ஆகவேதான் வட கென்ய மேய்ப்பர்கள் வேலமரக் காய்களை உலுக்கிச் சேர்த்து வைக்கிறார்கள். தமிழ்நாட்டு இராமநாதபுரத்தில் நிறைந்திருக்கும் சீமைக் கருவேலமும் அங்கே உண்டு. வறட்சியிலும் காய்க்கும் இந்த மரத்தின் காய்களில் புரதமும் சர்க்கரையும் உள்ளன. ஆனால் காய்களை முழுதாகத் தின்னும் ஆடு, விதைகளைச் சாணத்தின் வழி பரப்பிவிடும். சர்க்கரை மிகுந்தால் பல்லும் கெடும். பாரிங்கோ பகுதி மக்கள், பல்லிழந்த ஆட்டையே நீதிமன்றத்திற்குக் கொண்டுசென்று முறையிட்டார்கள். காய்களை நன்றாக அரைத்து, மற்ற தீனியுடன் அளவாகக் கலந்து கொடுப்பதே தக்க வழி.

ஓர் ஆட்டுக்கு எத்தனை கிலோ?

எவ்வளவு சேர்த்து வைத்தாலும் மந்தை முழுவதற்கும் தீனி போதாது. கிடாய்களையும் வயதான ஆடுகளையும் முன்கூட்டியே விற்று, அந்தப் பணத்தில் இளம் பெட்டை ஆடுகளைக் காப்பாற்ற வேண்டும். ஆட்டின் சினைக்காலம் ஐந்தே மாதம். பெட்டைகள் பிழைத்திருந்தால் மந்தை மீண்டும் பெருகும்.

தாமதித்தால் என்ன ஆகும்? ஓர் ஆட்டை விற்றால் 60 கிலோ மக்காச்சோளம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வறட்சி நீளும்போது ஆடு இளைத்து அதன் விலை பாதியாகிறது. மக்காச்சோளத்தின் விலையோ இரட்டிப்பாகிறது. இப்போது அதே ஆட்டுக்கு 15 கிலோதான் கிடைக்கும். ஆடு இன்னும் சாகவில்லை, ஆனால் குடும்பத்தின் சேமிப்பில் முக்கால் பங்கு போய்விட்டது. பஞ்சத்தைக் கண்காணிப்போர் இந்த விகிதத்தை உன்னிப்பாகக் கவனிப்பது இதனால்தான்.

அப்படியானால் மேய்ப்பர்கள் ஏன் முன்னதாகவே விற்பதில்லை? இதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். ஆடுதான் அவர்களின் வங்கி, பிள்ளைகளுக்குப் பால். அடுத்த மாதம் மழை வந்துவிட்டால் விற்றது நட்டம். சந்தையும் தொலைவில் இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் விற்றால் விலை சரிந்துவிடும். இந்தச் சுமையைத் தனி ஒரு குடும்பத்தின் தோளில் ஏற்றுவது நியாயமில்லை.

உயிரோடு இருக்கும்போதே உதவி

2010இல் கென்யாவின் மார்சாபிட் வட்டாரத்தில் ஒரு புதுவகைக் காப்புறுதி தொடங்கப்பட்டது. அதில் இறந்த ஆடுகளை யாரும் எண்ணுவதில்லை. மேய்ச்சல் நிலத்தின் பசுமையைச் செயற்கைக்கோள் அளக்கிறது. அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் இழப்பீடு தரப்படும். தொடக்கத்தில் அது, இறந்த கால்நடைகளுக்குப் பதிலாக வேறு வாங்கும் நோக்கில் அமைந்திருந்தது. பின்னர், அவை உயிரோடு இருக்கும்போதே தீனியும் தண்ணீரும் மருந்தும் வாங்கும் வகையில் மாற்றப்பட்டது.

குறை இல்லாத திட்டம் அல்ல இது. செயற்கைக்கோளுக்குப் பச்சையாகத் தெரிவதெல்லாம் ஆடு தின்னக்கூடியது அல்ல. சந்தாவைக் கட்ட இயலாத குடும்பங்களும் உண்டு. முன்கூட்டியே பணம் கொடுத்த பிறகு மழை பெய்துவிட்டால் பணம் வீண்தானே என்றும் சிலர் கேட்கலாம். வீண் இல்லை என்பதே என் பதில். தீனி தின்ற ஆடு பால் தரும், குட்டி ஈனும். இறந்த ஆட்டுக்குப் பின்னால் வரும் உணவுப் பொட்டலம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

புவியியல், பொருளியல், விலங்கியல் ஆகிய மூன்று பாடங்களும் சந்திக்கும் இடம் இது. அடுத்த முறை வறட்சிச் செய்தியைப் படிக்கும் மாணவர்கள், எத்தனை கால்நடைகள் இறந்தன என்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். மூன்று மாதங்களுக்கு முன்பு ஓர் ஆட்டுக்கு எத்தனை கிலோ மக்காச்சோளம் கிடைத்தது? உதவிப் பணம் எந்த மாதம் மேய்ப்பர் கைக்கு வந்தது?