சதுரங்க யந்திரத்துக்கு ஒரு பரீட்சை!

நகர்வைச் சொல்கிறது, காரணம் சொல்லுமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இன்று பல வீடுகளில் சதுரங்கப் பலகை இருக்கிறது. இருக்காதா பின்னே? பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தாவும் அவர் அக்காள் வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர்கள். மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியில் படித்த குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றார். அப்போது அவருக்கு வயது 18தான்!

ஆசையோடு ஆட வரும் பிள்ளைக்குப் பெற்றோர் கொடுப்பது செல்போன். அதில் சதுரங்க யந்திரம் காசில்லாமல் கிடைக்கிறது. யந்திரம் என்றால் இரும்பும் சக்கரமும் அல்ல. கணக்குப் போட்டு நகர்வு சொல்லும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். அது சொல்வதே வேதவாக்கு என்று பிள்ளை நம்பிவிடுகிறது. அது சரியா?

இரண்டு வகை நகர்வு

சதுரங்கத்தில் ஒரு வகை, அடிதடி நகர்வு. இந்தக் குதிரையை வெட்டினால் அடுத்து ராணி விழும் என்பது கணக்கு. யந்திரம் இதில் புலி.

மற்றொன்று, நிலை அறிந்து ஆடும் நகர்வு. இது எதையும் வெட்டாது. எதிரியின் சிப்பாய் விரட்ட முடியாத கட்டத்தில் ஒரு குதிரையைக் கொண்டுபோய் நிறுத்தும். பலன் உடனே தெரியாது. வெயில் காலத்தில் மனை வாங்குகிறவர், மழைக் காலத்தில் தண்ணீர் எங்கே தேங்கும் என்று பார்த்து வாங்குகிறார் அல்லவா? அதைப் போன்றது இது.

24 கேள்விகள்

இந்த அறிவு யந்திரத்துக்கு உண்டா? பிராட்கோ, கோபெக் என்ற இரு அறிஞர்கள் 1982-ல் ஒரு பரீட்சை வெளியிட்டார்கள். மொத்தம் 24 கேள்விகள். பாதி அடிதடி, பாதி, சிப்பாயைத் தள்ளி நிலையை மாற்றும் நகர்வு. அந்தக் காலத்து யந்திரங்கள் முதல் பாதியில் நன்றாக எழுதின. இரண்டாம் பாதியில் திணறின.

1997-ல் காட்சி மாறியது. டீப் புளூ என்ற கம்ப்யூட்டர், உலக வீரர் காஸ்பரோவுடன் ஆடியது. இரண்டாவது ஆட்டத்தில் சிப்பாய்களைப் பிடிக்க வழி இருந்தும், அது ஆசைப்படவில்லை. மந்திரியை அமைதியாக நடுவில் நிறுத்தி, எதிரியின் வழியை அடைத்தது. காஸ்பரோவ் திகைத்துப் போனார். அந்த ஆட்டத்திலும் தோற்றார், போட்டியிலும் தோற்றார்.

அளவுகோலை யார் அளப்பது?

பிற்பாடு சுவாமிநாதன், டான் கார்பிட் ஆகிய இருவர் பெரிய பரீட்சை ஒன்றைத் தொகுத்தார்கள். 15 தலைப்புகள், தலைப்புக்கு 100 நிலைகள், ஆக 1,500. சிறந்த நகர்வுக்கு 10 மதிப்பெண். அடுத்த நல்ல நகர்வுகளுக்குக் குறைவு.

இதில்தான் சிக்கல். சரியான விடை எது என்று முடிவு செய்யவும் பலமான யந்திரங்களின் கணக்குத்தான் பெரிதும் துணை நின்றது! அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளிக்கு இது எளிதில் விளங்கும். லேத்தில் கடைந்த சாமானை அளக்கக் கருவி உண்டு. அந்தக் கருவியையும் வேறொன்றால் சரிபார்க்க வேண்டும். கடைந்த சாமானைக் கொண்டே சாமானை அளந்தால் என்ன ஆவது?

இன்றைய யந்திரத்தை எந்த மனிதனும் வெல்ல முடியாது. அது உண்மை. ஆனால் அது சொல்வது ஒரு நகர்வும் ஓர் எண்ணும்தான். "ஏன்?" என்று பிள்ளை கேட்டால் எண் பதில் சொல்லாது. காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளை, போட்டி மண்டபத்தில் என்ன செய்யும்? அங்கே செல்போனுக்கு அனுமதி இல்லையே!

குகேஷ் காட்டும் வழி

குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளில் அவரை யந்திரத்தின் பக்கமே விடவில்லை. சொந்த மூளையால் யோசிக்க வைத்தார். அப்படி வளர்ந்த பையன் 2019-ல், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனான். யந்திரம் பிறகுதான் வந்தது.

சிங்கப்பூரில் 14-வது ஆட்டம்; அதுவே கடைசி. குகேஷுக்கு ஒரு சிப்பாய்தான் அதிகம். யந்திரத்தின் கணக்குப்படி ஆட்டம் சமம். குகேஷ் விடவில்லை, நெருக்கிக்கொண்டே இருந்தார். 55-வது நகர்வில் டிங் லிரென் யானையைத் தவறான இடத்தில் வைத்தார். பட்டம் கைமாறியது! எதிரே இருப்பவர் களைத்த மனிதர் என்பது அந்த எண்ணில் எங்கே இருக்கிறது?

யந்திரத்தை வீசி எறிய வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் பிள்ளை முதலில் தன் நகர்வுக்கான காரணத்தை நோட்டில் எழுதட்டும். அதன் பிறகு யந்திரத்தைத் திறக்கட்டும். இரண்டும் வேறுபட்டால் ஆசிரியரிடம் கேட்கட்டும். சதுரங்கம் தெரியாத தாயும் இதற்கு உதவலாம். "ஏண்டா கண்ணு, இதை இங்கே வைத்தாய்?" என்று கேட்டால் போதும்!