பார்த்துக்கொண்டு நிற்பதும் குற்றம்

மதுரை வில்லாபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், பழங்காநத்தத்தில், "கோவலன் பொட்டல்" என்று ஓர் இடம் இருக்கிறது. கோவலன் வெட்டுண்டது அங்கேதான் என்று மக்கள் சொல்லுகிறார்கள்.

அந்தக் கொலைக்கு யார் காரணம்? பொய் சொன்ன பொற்கொல்லன். விசாரியாமல் கட்டளையிட்ட பாண்டியன். இந்த இருவர்தான் எல்லோருக்கும் நினைவு வரும்.

சிலப்பதிகாரம் இன்னும் சிலரையும் காட்டுகிறது. கொல்ல வந்த காவலர்கள் கோவலனைப் பார்த்துத் தயங்கினார்கள். திருடன் முகமாகத் தெரியவில்லையே என்று நினைத்தார்கள். பொற்கொல்லன் பேசிப் பேசி அவர்களை மடக்கினான். அரசன் தண்டிப்பானே என்ற அச்சமும் சேர்ந்தது. அதற்குள் முரடன் ஒருவன் வாளை வீசிவிட்டான்! சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள், தடுத்தவர் ஒருவரும் இல்லை.

ரோமாபுரி அறிஞர் சிசரோ, கி.மு. 44-ல் தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அநீதி இரண்டு வகை என்றார் அவர். பிறருக்குத் தீங்கு செய்வது ஒன்று. தடுக்க முடிந்தும் தடுக்காமல் இருப்பது மற்றொன்று. மறு ஆண்டே அவரை எதிரிகள் கொன்றார்கள். அவர் சொன்ன நீதி சாகவில்லை.

இன்றும் ஒருவனைத் திருடன் என்று சொல்லி நாலு பேர் அடிக்கிறார்கள். நாற்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். உண்மை தெரிந்த பிறகு வருந்திப் பயன் என்ன? தவறை உணர்ந்த பாண்டியன் உயிரையே விட்டான். கோவலன் உயிர் திரும்பியதா?

நாற்பது பேரில் ஒருவர், "நிறுத்துங்கள்! போலீஸ் வந்து விசாரிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். துணைக்கு இன்னும் இருவர் சேருவார்கள். ஓர் உயிர் பிழைக்கும்.